தின் கிளையண்ட் பூட் ஆகவில்லையா? கேள்வி பதில்

தின் கிளையண்ட் எனப்படும் வட்டு இல்லாத கணினி நெட்வொர்க் வழியாக எழுந்து நிற்பதற்குள் பல கைகள் மாற வேண்டியிருக்கிறது. நெட்வொர்க் முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபி முகவரி கொடுக்க வேண்டும், எந்தக் கோப்பு என்று யாராவது சொல்ல வேண்டும், கோப்புகளை அனுப்பும் எளிய முறையான டிஎஃப்டிபி அதைக் கொண்டுவர வேண்டும், பிறகு இயங்குதளத்தின் மையமான கர்னல் வந்து தன் கோப்பமைப்பைத் தேட வேண்டும். கணினியில் இதைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலின் பெயர் பிஎக்ஸ்இ. எந்த இடத்தில் நின்றது என்பதைத் திரையில் வரும் பிழை எண்ணே பெரும்பாலும் சொல்லிவிடும். அதனால் கேள்வி அனுப்பும்போது அந்த எண்ணையும் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: பள்ளி ஆய்வகத்தில் பழைய சுவிட்சை எடுத்துவிட்டு, நிர்வகிக்கக்கூடிய புதிய சுவிட்ச் வைத்தோம். அன்றிலிருந்து எல்லா இயந்திரங்களிலும் பிஎக்ஸ்இ-இ51 வருகிறது. ஆனால் அதே கேபிளில் மடிக்கணினியைச் செருகினால் இணையம் வருகிறது. சுவிட்ச் பழுதா?

சுவிட்சைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அது நன்றாகவே இருக்கிறது. இ51 என்றால் முகவரி கேட்டும் யாரும் பதில் தரவில்லை என்று பொருள். இத்தகைய சுவிட்சுகளில் ஸ்பேனிங் ட்ரீ இயங்கும். ஒரு போர்ட்டில் இணைப்பு உயிர்பெற்றதும், தரவு சுற்றிக்கொண்டே இருக்கும் வளையம் ஏதும் உண்டாகிவிடுமோ என்று பார்த்துவிட்டுத்தான் அது போக்குவரத்தைத் திறந்துவிடும். பழைய முறையில் இதற்கு 15 வினாடியும் இன்னொரு 15 வினாடியும் ஆக மொத்தம் 30 வினாடி போகும். மடிக்கணினி விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பதால் உங்களுக்கு அந்தத் தாமதம் தெரிவதில்லை. பிஎக்ஸ்இ சில தடவை கேட்டுவிட்டுக் கைவிட்டுவிடுகிறது. 4, 8, 16, 32 வினாடி என்று இடைவெளியைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்பதுதான் விதி. அவ்வளவு பொறுமை எல்லா இயந்திரங்களுக்கும் இல்லை.

கிளையண்டுகள் செருகியுள்ள போர்ட்டுகளை 'எட்ஜ்' போர்ட் ஆக்குங்கள். சிஸ்கோவில் இதன் பெயர் போர்ட்ஃபாஸ்ட். சுவிட்சையும் சுவிட்சையும் இணைக்கும் போர்ட்டில் மட்டும் இதைத் தொடவே கூடாது. அங்கே வளையம் விழுந்தால் ஆய்வகம் முழுவதும் முடங்கும்.

காரணம் இதுதானா என்று உறுதி செய்ய எளிய வழி உண்டு. கிளையண்டுக்கும் பெரிய சுவிட்சுக்கும் நடுவில் சாதாரண ஐந்து போர்ட் சுவிட்ச் ஒன்றை வையுங்கள். கிளையண்ட் அணைந்து எழுந்தாலும் பெரிய சுவிட்சின் போர்ட் உயிரோடே இருக்கும். அப்போது பூட் ஆனால் நோய் தெரிந்துவிட்டது. ஒரு முறை பூட் ஆகும்போதே நெட்வொர்க் கார்டு இரண்டு மூன்று தடவை அணைந்து எழும் என்பதையும் மறவாதீர்கள். பிஎக்ஸ்இ கட்டத்தைத் தாண்டிய பிறகு கர்னல் முகவரி கேட்கும்போது நின்றுபோவதற்கும் இதுவே காரணமாகலாம்.

கேள்வி: பிஎக்ஸ்இ-இ53 வருகிறது. ஐபி முகவரி திரையில் தெரிகிறது. டிஎச்சிபி கொடுப்பது இணைய இணைப்போடு வந்த ரௌட்டர். அதில் பூட் கோப்புப் பெயர் எழுத இடமே இல்லை.

இ53 என்றால் முகவரி கிடைத்தது, பூட் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை என்று பொருள். ரௌட்டரை அப்படியே விட்டுவிடுங்கள். உங்கள் சர்வரில் டிஎன்எஸ்மாஸ்க் என்னும் நிரலை நிறுவி, அதை ப்ராக்ஸி டிஎச்சிபி முறையில் இயக்குங்கள். முகவரி கொடுப்பது ரௌட்டரின் வேலையாகவே இருக்கும். "பூட் சர்வர் இது, கோப்பு இது" என்று மட்டும் டிஎன்எஸ்மாஸ்க் சொல்லும். சர்வரின் ஃபயர்வாலில் யுடிபி போர்ட் எண்கள் 67-ஐயும் 4011-ஐயும் திறந்து வைக்க வேண்டும். 4011-ஐப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: பிஎக்ஸ்இ-இ61. என்ன செய்வது?

கேபிளை மாற்றுங்கள். பிறகு சுவிட்ச் போர்ட்டை மாற்றிப் பாருங்கள். இணைப்பே கிடைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள், சர்வர் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி: பிஎக்ஸ்இ-இ32 என்று நிற்கிறது, ஐயா. சர்வருக்கு பிங் போகிறது. கிளையண்டுகள் தனி விஎல்ஏஎன்-இல் (சுவிட்சிலேயே பிரித்த தனி நெட்வொர்க்) உள்ளன. ஃபயர்வாலில் டிஎஃப்டிபிக்கான 69-ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டோம்.

டிஎஃப்டிபி கோரிக்கைக்குப் பதில் வரவில்லை என்பதுதான் இ32. பிங் போவதை வைத்து டிஎஃப்டிபி போகும் என்று சொல்ல முடியாது. 69-ஆம் போர்ட்டுக்குப் போவது முதல் கோரிக்கை மட்டும். சர்வர் அதற்கான பதிலைப் புதிதாக ஒரு போர்ட்டிலிருந்து அனுப்புகிறது, மிச்ச உரையாடல் முழுவதும் அங்கேதான். நடுவிலுள்ள ஃபயர்வாலுக்கு இது தொடர்பே இல்லாத ஒன்றாகத் தெரிவதால் தடுத்துவிடுகிறது. டிஎஃப்டிபியைப் புரிந்துகொண்டு பின்தொடரும் வசதி அதில் இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் சர்வரிலிருந்து அந்த விஎல்ஏஎன்-க்கு வரும் யுடிபியை அனுமதியுங்கள்.

இ32-க்குப் பதில் இ3பி வந்தால் கதையே வேறு. சேவை உயிரோடிருக்கிறது, கோப்புதான் அந்த இடத்தில் இல்லை. பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பாருங்கள். லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வெவ்வேறு கோப்பு.

கேள்வி: பழைய இயந்திரங்கள் ஒழுங்காக பூட் ஆகின்றன. புதிதாக வாங்கியவை கோப்பை இறக்கிக்கொண்டு, உடனே பூட் மெனுவுக்குத் திரும்பிவிடுகின்றன.

கணினியை எழுப்பும் அடிப்படை நிரல் பழையவற்றில் பயாஸ், புதியவற்றில் யுஇஎஃப்ஐ. ஒன்றுக்கான கோப்பு மற்றதில் ஓடாது. கிளையண்ட் முகவரி கேட்கும்போதே டிஎச்சிபி விருப்பம் (ஆப்ஷன்) 93-இல் தான் எந்த வகை என்று சொல்லிவிடுகிறது: 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64 பிட் யுஇஎஃப்ஐ. 9 என்று சொல்பவையும் உண்டு, அவற்றுக்கும் 7-க்குக் கொடுக்கும் கோப்பையே கொடுங்கள். எண்ணைப் பார்த்துக் கோப்பைத் தரும்படி சர்வரில் விதி எழுத வேண்டும். எல்லாருக்கும் ஒரே பெயரை எழுதி வைத்திருப்பதுதான் உங்கள் சிக்கல். அதைச் சரிசெய்த பின்னும் திரும்பினால் செக்யூர் பூட்டைப் பாருங்கள். கையொப்பமில்லாத கோப்பை அது ஓடவிடாது.

கேள்வி: கர்னல் ஏறுகிறது. பிறகு நெட்வொர்க் சாதனமே இல்லை என்று சொல்லி நிற்கிறது. அதே கார்டு வழியாகத்தானே கர்னல் வந்தது?

நியாயமான கேள்வி. அதுவரை கார்டை இயக்கியது அதன் ரோமில் உள்ள சிறு இயக்கி (டிரைவர்). கர்னல் பொறுப்பேற்றதும் அது விலகிவிடும், கர்னலுக்குச் சொந்த இயக்கி வேண்டும். கர்னலோடு சேர்ந்து வரும் தொடக்கக் கோப்பான இனிட்ஆர்டியில் அந்த இயக்கி இல்லாவிட்டால் வந்த வழி அடைபட்டுப்போகும். புதிய மாடல் கிளையண்டுகளைப் பழைய படிமத்தோடு (கிளையண்டுகளுக்கான இயங்குதளத் தொகுப்பு) சேர்க்கும்போது இப்படி ஆகும். இன்னொன்றும் உண்டு. படிமத்தில் கர்னலை மேம்படுத்திவிட்டு, டிஎஃப்டிபி அடைவில் பழைய கர்னலையே விட்டுவிடுகிறார்கள். பதிப்பு பொருந்தாத இயக்கியைக் கர்னல் ஏற்றாது. தின் கிளையண்டுகளை நடத்தும் எல்டிஎஸ்பி மென்பொருள் வைத்திருப்பவர்கள் மேம்படுத்தும் ஒவ்வொரு முறையும் படிமம், கர்னல், இனிட்ஆர்டி மூன்றையும் சேர்த்தே புதுப்பியுங்கள்.

கேள்வி: ஒவ்வொன்றாகப் போட்டால் எல்லாம் பூட் ஆகின்றன. காலையில் மாணவர்கள் ஒரே நேரத்தில் போடும்போது பாதி நின்றுவிடுகிறது.

இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலில் டிஎச்சிபியின் முகவரித் தொகுப்பு. பிஎக்ஸ்இ ஓர் அடையாளத்தோடும், கர்னல் வேறோர் அடையாளத்தோடும் கேட்டால் ஒரே இயந்திரம் இரண்டு முகவரிகளை எடுத்துக்கொள்ளும். முப்பது இயந்திரங்களுக்கு ஐம்பது முகவரி போதும் என்று நினைத்திருந்தால் போதாது. தொகுப்பைப் பெரிதாக்குங்கள், குத்தகைக் காலத்தையும் குறையுங்கள்.

அடுத்தது டிஎஃப்டிபி. 1992-இல் எழுதப்பட்ட அதன் விதிப்படி 512 பைட் அனுப்பிவிட்டு, கிடைத்தது என்ற பதில் வந்த பிறகே அடுத்த 512 பைட் போகும். 60 எம்பி இனிட்ஆர்டிக்கு இந்தப் போக்குவரத்து ஒரு லட்சத்து இருபதாயிரம் தடவைக்கு மேல் நடக்க வேண்டும். நெரிசலில் ஒரு பொட்டலம் தொலைந்தாலும் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். துண்டின் அளவைக் கூட்டும் வசதி பின்னால் வந்தது, அது உதவும். ஆனாலும் நான் சொல்வது, டிஎஃப்டிபி வழியாக ஐபிஎக்ஸ்இ என்னும் சிறு கோப்பை மட்டும் கொடுங்கள். கர்னலையும் இனிட்ஆர்டியையும் அது எச்டிடிபி வழியாக வாங்கிக்கொள்ளட்டும். சர்வரிலிருந்து சுவிட்சுக்குப் போகும் கேபிள் 100 மெகாபிட்டில் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எட்டு கம்பிகளில் 100 மெகாபிட்டுக்குத் தேவைப்படாத நான்கில் ஒன்று அறுந்திருந்தாலே ஜிகாபிட் இணைப்பு அந்த வேகத்துக்கு இறங்கிவிடலாம்.