ஒயின் தோட்டக் குடும்பங்கள்: கேள்வி பதில்

ஓசூர்: அண்ணா, பெங்களூரு பக்கம் தொட்டபள்ளாபுரத்தில் குரோவர் ஒயின் தோட்டம் இருக்கிறதே, அதை யார் ஆரம்பித்தது?

கன்வல் குரோவர். பிரான்ஸோடு இயந்திர வியாபாரம் செய்தவர். போக வர ஒயின் மேல் பிரியம் வந்துவிட்டது. நம் நாட்டில் இது விளையுமா என்று பார்க்க, ஷாம்பெயின் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் வெசெல் என்ற ஒயின் நிபுணரை அழைத்து வந்து, பல வருடம் மண்ணும் இடமும் தேடினார். 1988இல் நந்தி மலை அடிவாரத்தில் 40 ஏக்கரில் தொடங்கினார்கள். முதல் ஒயின் 1992இல்தான் வந்தது. மகன் கபில் கூடவே நின்றார். 2012இல் நாசிக் பக்கத்துக் கம்பெனி ஒன்றோடு இணைந்து குரோவர் ஸாம்பா ஆனது. பாட்டில் வருவதற்கு முந்தைய அந்த வருடங்கள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

தேன்கனிக்கோட்டை: அங்கே விளைவது எங்கள் பக்கம் விளையாதா?

தளி பக்கமும் கிட்டத்தட்ட அதே 3,000 அடி உயரம்தான். ஒயின் பழத்தில் சர்க்கரை ஏறும்போது புளிப்பும் தங்க வேண்டும். ராத்திரி குளிர்ந்தால்தான் அது தங்கும். ஆனால் உயரத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள், மண்ணைப் பாருங்கள். இன்னொன்று, ஐரோப்பாவில் பனிக்காலத்தில் கொடி தூங்கும். இங்கே தூங்காது. அதனால் கோடையில் ஒன்று, அக்டோபர் வாக்கில் ஒன்று என வருடத்துக்கு இரண்டு முறை கொடியை வெட்டிக் கவாத்து செய்ய வேண்டும்.

சந்தூர்: நாங்கள் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறோம். திராட்சைக்கும் உண்டா சார்?

உண்டு, அதுதான் பிரெஞ்சுக் குடும்பங்களையே காப்பாற்றியது. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பைலாக்ஸெரா என்ற பூச்சி வேரைத் தின்று தோட்டம் தோட்டமாக அழித்தது. மருந்துக்கு அடங்கவில்லை. கடைசியில் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியை அடிக்கன்றாக வைத்து, மேலே தங்கள் ரகத்தை ஒட்டினார்கள். உங்கள் ஊர்க் கை வேலைதான்.

பாலக்கோடு: பாகப்பிரிவினை வந்தால் தோட்டம் என்ன ஆகும் அய்யா?

பிரான்ஸில் பர்கண்டி என்ற ஒயின் பகுதியில் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு என்று நெப்போலியன் காலச் சட்டம் வந்தது. நியாயமான சட்டம். ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகிப் போனது. குளோ டி வூஜோ என்று ஒரே மதில் சுவருக்குள் சுமார் 50 ஹெக்டேர் இருக்கிறது. அதற்கு இன்று 80 பேர் வரை சொந்தக்காரர்கள். சிலருக்கு நாலைந்து வரிசைக் கொடிதான்.

இத்தாலியில் ஆன்டினோரி குடும்பம் 1385 முதல், 26 தலைமுறையாக இதே தொழிலில் இருக்கிறது. இப்போது முன்னின்று நடத்துவது மூன்று சகோதரிகள், மூத்தவர் அல்பியேரா தலைவர். பெண் பிள்ளைகள் மட்டும் என்றால் நிலத்தை விற்றுவிடலாம் என்று நம் பக்கம் இன்னும் பேசுகிறார்கள். அவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பர்கூர்: இன்று நட்டால் எப்போது வருமானம்?

மூன்றாம் வருடம் பழம் பறிக்கலாம். சில சிவப்பு ஒயின்கள் அதற்கப்புறம் ஒரு வருடம் போல மரப்பீப்பாயில் கிடக்கும். ஆக, ஐந்து வருடம் கையிலிருந்துதான் போட வேண்டும். அதுவரை மாந்தோப்பை வெட்டிவிடாதீர்கள்.