ஸ்பெகுலர் வேறு, ஊகம் வேறு

பத்மநாபபுரம் அரண்மனையின் கருந்தரை பற்றிய குறிப்பில் ‘ஸ்பெகுலர்’ என்ற சொல் வருகிறது, அகராதியோ ‘ஊகம்’ என்கிறது, எப்படித் தமிழாக்க என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் பார்த்தது பக்கத்துச் சொல், ‘ஸ்பெகுலேட்டிவ்’. இரண்டுக்கும் வேர் ஒன்றே: ‘பார்’ எனப் பொருள்படும் லத்தீன் ‘ஸ்பெகெரே’. அதிலிருந்து கண்ணாடிக்கு ‘ஸ்பெகுலும்’, அதன் உரிச்சொல்தான் ‘ஸ்பெகுலர்’, அதாவது கண்ணாடி போன்ற. ஊகம் வந்த வழி ‘ஸ்பெகுலா’, அதாவது காவல் மேடை.

கண்ணாடிபோல் உருவம் காட்டும் எதிரொளிப்புக்குப் பாடநூல் வழக்கில் ‘ஒழுங்கான எதிரொளிப்பு’. எனக்குப் பிடித்தது ‘ஆடி எதிரொளிப்பு’. குழியாடி, குவியாடி என்று படித்தவர்களுக்கு உடனே விளங்கும். ‘பளபளப்பு’ மட்டும் வேண்டாம். பளபளக்கிற தரையெல்லாம் முகம் காட்டாது.

சந்தேகமா? நின்றபடி போன் டார்ச்சைத் தரையில் அடியுங்கள். பல்பின் உருவம் விளிம்போடு தெரிந்தால் ஆடி எதிரொளிப்பு. வெளிச்சத் திட்டாகப் பரவினால் சிதறல். தரையின் மேடுபள்ளம் ஒளியின் அலைநீளத்தைவிட (0.4 முதல் 0.7 மைக்ரான்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மிகச் சிறிதாக இருந்தால்தான் உருவம் கலையாது. குனிந்து சாய்வாகப் பார்க்காதீர்கள். அந்தக் கோணத்தில் சாதா சிமெண்டுத் தரைகூட மினுங்கி ஏமாற்றும்.