ஜாமீன் கையெழுத்துப் போட்டவரின் பொறுப்பு எதுவரை?

கேள்வி: தங்கச்சிமடத்தில் விசைப்படகு வைத்துத் தொழில் செய்கிறேன். தடைசெய்யப்பட்ட ஓர் இயக்கத்தின் வழக்கில் என் சித்தப்பா மகனுக்கு ஊபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டப்படி 10 ஆண்டுகள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் தண்டனையை நிறுத்திவைத்தபோது, 50,000 ரூபாய்க்கு நான் ஜாமீன் கொடுத்தேன். இப்போது அவன் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடாமல் தலைமறைவாகிவிட்டான்; எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. என்னைச் சிறையில் போடுவார்களா? படகு போய்விடுமா? அவன் ஒருநாள் வீட்டுக்கு வந்து நின்றால் என்ன செய்வது?

பதில்: அவர் ஓடிப்போனது உங்கள் குற்றமாகாது. ஜாமீன் பத்திரத்தால் உங்கள் மேல் வந்திருப்பது பணப் பொறுப்பு மட்டுமே. அதற்கு 50,000 ரூபாய் என்ற எல்லை உண்டு. இனி அவருக்கு உதவினால் வரக்கூடியது குற்றப் பொறுப்பு. அதற்கு அப்படி எல்லை இல்லை.

முதலில் நோட்டீஸ். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 491-ஆம் பிரிவுப்படி (பழைய சட்டத்தில் 446), பிணைத் தொகையைக் கட்டுங்கள் அல்லது ஏன் கட்டக் கூடாது என்று காரணம் சொல்லுங்கள் என்பதே அதன் பொருள். இரண்டும் செய்யாவிட்டால் அபராதத்தை வசூலிப்பதுபோல உங்கள் சொத்தை ஜப்தி செய்து வசூலிக்கலாம்; அப்படியும் வசூலாகாவிட்டால் 6 மாதம் வரை சிவில் சிறையில் வைக்க உத்தரவிடலாம். நோட்டீஸை டிவி மேல் வைத்துவிட்டுக் கடலுக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். குறித்த தேதியில் வழக்கறிஞர் மூலம் பதில் மனு கொடுங்கள். அவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், தேடிப்பிடித்து ஆஜர்படுத்த என்ன முயற்சி எடுத்தீர்கள், ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் வருமானமே இல்லாத உங்கள் நிலை என்ன என்பதையெல்லாம் ஆதாரத்தோடு அதில் சொல்லுங்கள். காரணத்தைப் பதிவுசெய்து, தொகையின் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அவர் கையெழுத்தை நிறுத்திய உடனேயே 489-ஆம் பிரிவில் பிணையிலிருந்து விடுவிக்கக் கோரியிருக்கலாம். பிணை முறிந்த பிறகு போடும் அந்த மனு, ஏற்கெனவே வந்துவிட்ட பொறுப்பை அழிக்காது.

படகு உங்கள் பெயரில் மட்டும் இருந்து, விதிக்கும் தொகையை நீங்கள் கட்டிவிட்டால், இந்த நோட்டீஸால் அதற்கு ஆபத்தில்லை. அவருக்கும் அதில் பங்கு இருந்தால் கவனம் தேவை. பிடிவாரண்டுக்குப் பிறகு, குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து, தலைமறைவானவர் என்று அறிவித்து, அவருடைய சொத்தை ஜப்தி செய்ய நீதிமன்றம் உத்தரவிடலாம். உங்கள் பங்கும் சேர்ந்து ஜப்தியானால், ஜப்தி நாளிலிருந்து 6 மாதத்துக்குள் ஆட்சேப மனு போட வேண்டும்.

வீட்டுக்கு வந்து நின்றால் என்ன செய்வது என்று கேட்டீர்களே, அதுதான் உங்கள் கடிதத்தில் கனமான கேள்வி. பிடிபடாமல் காப்பாற்றும் நோக்கத்தோடு தங்க இடம் தருவது மட்டுமல்ல, சோறு, பணம், துணி, போக வாகனம் தருவதும் சட்டத்தின் கண்ணில் அடைக்கலமே. பயங்கரவாதி என்று தெரிந்தே ஒருவருக்கு அடைக்கலம் தந்தால், ஊபா சட்டத்தின் 19-ஆம் பிரிவில் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் ஆயுள் தண்டனை. கணவனுக்கும் மனைவிக்கும் மட்டுமே விலக்கு உண்டு. பெற்ற தாய்க்குக்கூட இல்லை. இது கொடுமையான சட்டம் என்பது என் கருத்து. ஆனாலும் நடைமுறையில் இருப்பது இதுதான். தாய்க்கே இல்லாத விலக்கு பெரியப்பா மகனுக்குக் கிடைக்காது. படகில் ஏற்றுவது இன்னும் மோசம். தனுஷ்கோடிக்கு அப்பால் நம் பக்கத்து மணல் திட்டில்தான் இறக்கிவிட்டேன், எல்லையைத் தாண்டவில்லை என்ற வாதம் உதவாது. தப்பிக்க வாகனம் தந்ததே குற்றமாகும். படகையும் சாட்சியப் பொருளாகக் கைப்பற்றுவார்கள்.

அதனால் அவர் வந்தாலோ போனில் பேசினாலோ உடனே உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லி, அவர் மூலம் காவல்துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சரணடையச் சொல்வதும், வழக்கறிஞரோடு நீதிமன்றத்துக்கு அழைத்துப்போய் ஒப்படைப்பதும் அடைக்கலம் ஆகாது. ஓடியதோடு மேல்முறையீடு முடிந்துவிட்டது என்று அவர் நினைத்தால், அது சரியல்ல என்று எடுத்துச் சொல்லுங்கள். மேல்முறையீடு செய்தவரோ வழக்கறிஞரோ வரவில்லை என்பதற்காக மட்டும் அதைத் தள்ளாமல், தகுதியைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் பானி சிங் வழக்கில் கூறியிருக்கிறது. உங்கள் பதில் தேதிக்கு முன் அவர் சரணடைந்துவிட்டால், பிணைத் தொகையைக் குறைக்கக் கேட்க அதைவிட வலுவான காரணம் கிடையாது. அப்படியும் முழுத் தொகையையும் கட்டச் சொன்னால், 495-ஆம் பிரிவில் நீங்கள் தனியாக மேல்முறையீடு செய்யலாம்.