சித்திரை வெயிலில் கருகும் அடுக்குச் சம்பங்கி

கேள்வி: சத்தியமங்கலம் பக்கம் 40 சென்டில் அடுக்குச் சம்பங்கி வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. மேடை அலங்காரத்துக்குத் தண்டோடு வெட்டிக் கொடுக்கிறேன். சித்திரை பிறந்ததிலிருந்து தண்டு குட்டையாக வருகிறது, மொட்டு பாதி விரிந்ததும் பழுப்பாகிவிடுகிறது. வெயில்தான் காரணம் என்று தினமும் தண்ணீர் விடுகிறேன், குறையவில்லை. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: வணக்கம் அம்மா. மருந்து வாங்குவதற்கு முன்னால் ஒரு காலைப் பொழுதை இதற்காக ஒதுக்குங்கள். சம்பங்கி கோடையிலும் பூக்கும். வெயில் கடுமையானால் தண்டு கொஞ்சம் குட்டையாகும், அடுக்கு ரகத்தில் இதழ் முழுதாக விரியாது. இது வழக்கம்தான். ஆனால் பழுப்பு நிறத்தை வெயிலின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

வெயில் ஏறும் முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் போங்கள். பாதி விரிந்த தண்டைத் தாளின் மேல் சாய்த்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். மஞ்சளாகவோ கறுப்பாகவோ, பேனாவால் போட்ட சின்னக் கோடு போன்ற பூச்சிகள் ஓடினால் அது இலைப்பேன். மொட்டின் இடுக்கில் உட்கார்ந்து சுரண்டிச் சாறு உறிஞ்சும். அடுக்குப் பூவில் இதழ் நெருக்கம் அதிகம் என்பதால் மருந்து அதன் மேல் படுவதில்லை. அதனால்தான் அடித்தும் கேட்காது. பழுப்பான தண்டுகளை வரப்பில் போடாமல் வெட்டிப் புதையுங்கள். நீல ஒட்டுப்பொறியைப் பூத்தண்டு உயரத்தில் கட்டுங்கள். மொட்டு இறுக்கமாக இருக்கும்போதே, சாயங்காலமாக, 5 சத வேப்பங்கொட்டைச் சாற்றைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளியுங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு. ஒரே ரசாயன மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பேன் அதற்குப் பழகிவிடும்.

அடுத்தது வேர். எனக்கு அதிகச் சந்தேகம் இங்கேதான். குட்டைத் தண்டு வரும் இடத்தில் ஒரு குத்து, நன்றாக வரும் இடத்தில் ஒரு குத்து தோண்டி, வாளித் தண்ணீரில் வேரை அலசிப் பாருங்கள். வேரோடு வேராக, கம்பு அளவில் முடிச்சுகள் இருந்து, தேய்த்தாலும் உதிராவிட்டால் அது வேர்முடிச்சு நூற்புழு, அதாவது வேருக்குள் புகுந்து முடிச்சு உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் புழு. முன்பு அந்த நிலத்தில் வாழை, தக்காளி, கத்தரி ஏதாவது போட்டிருந்தால் வந்திருக்க வாய்ப்பு அதிகம். முடிச்சு போட்ட வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. நீங்கள் தினமும் பாய்ச்சியும் தண்டு குட்டையாகவே வருவது இதனால் இருக்கலாம். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகல் வேறு சேர்ந்துகொள்ளும். மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்து, உருண்டை பிடிக்காதபோது மட்டும் அதிகாலையில் விடுங்கள். கரும்புச் சோகை கிடைத்தால் வரிசைகளுக்கு நடுவே மூடாக்குப் போடுங்கள்.

முடிச்சு கொஞ்சமாக இருந்தால் 40 சென்டுக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு வைத்து மண் அணையுங்கள். வேரெல்லாம் முடிச்சு என்றால் இந்தக் கோடையோடு அழித்துவிட்டு, ஒரு போகம் செண்டுமல்லி போடுவதுதான் சரி. செண்டுமல்லி வேர் நூற்புழுவைக் குறைக்கும், பூவும் காசாகும். வளர்த்த தோட்டத்தை அழிக்க மனசு வராது, தெரியும். ஆனாலும் மறுதாம்பு விட்டால், அதாவது இதே கிழங்கை மறுபடி தழைக்க விட்டால், நோயைத்தான் வளர்ப்பீர்கள்.

அதுவரை வெட்டும் முறையில் கவனம் வையுங்கள். அடியில் இரண்டு மூன்று பூ விரிந்ததுமே, வெயில் வருமுன் வெட்டி, உடனே கழுவிய வாளியில் நிறுத்துங்கள். நேற்றைய தண்ணீர் வேண்டாம்.

மறுநடவுக்கு பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் சுவாசினி அடுக்கு ரகம், தண்டு விற்பனைக்கு ஏற்றது. நூற்புழுவைத் தாங்கும் ரகம் வேண்டுமானால் சிருங்கார், ஆனால் அது ஒற்றைப் பூ. எதுவானாலும் இந்த நிலத்துக் கிழங்கை எடுத்து நடாதீர்கள். வெளியில் வாங்கும்போது அவர்கள் தோட்டத்தில் ஒரு குத்தைப் பிடுங்கி வேரைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.