கேள்வி பதில்: ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ், ஒரு பழைய ரகசியம், ஒரு துப்பறியும் நாவல்

கேள்வி: துப்பறியும் நாவல் எடுத்தாலே ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரு இருபது வருஷம் கழிச்சு ஒண்ணு கூடுறாங்க, பழைய ரகசியம் கிளம்புது. ஏன் சார் இதையே திரும்பத் திரும்ப எழுதுறாங்க?

பதில்: பதினஞ்சு வயசுல கூடப் பழகினவங்க முன்னாடி நம்மோட இப்போதைய வேஷம் எதுவும் செல்லாதுங்க. இன்னிக்கு பெரிய டாக்டரா இருக்கலாம், வக்கீலா இருக்கலாம், ஆனா அன்னிக்கு யாரு பயந்து அழுதது, யாரு அடுத்தவன மாட்டி விட்டதுன்னு அவங்களுக்குத் தெரியும். அந்த கேங்க்ல யாரு சொன்னா யாரு கேப்பாங்கங்கற வரிசை அத்தன வருஷம் ஆனாலும் பெருசா மாறாது, நல்ல எழுத்தாளர் ஒரு சாப்பாட்டு மேசை பேச்சுலயே அத காட்டிடுவார். இன்னொண்ணு, கொன்னவன் ஒருத்தன்னா வாயத் தொறக்காம இருந்தவங்க மூணு பேரு. என்னைக் கேட்டா அந்த மூணு பேருதான் இந்த வகை நாவலோட உயிரு. ஏன் சொல்லல, சொல்லாம எப்படி கல்யாணம் பண்ணி புள்ள பெத்து வாழ்ந்தாங்க, இதத் தொடாம கொலைகாரன் பேர மட்டும் சொல்லி முடிக்கிற நாவல் எனக்குப் பிடிக்கிறதில்ல.

கேள்வி: இருபது வருஷத்துக்கு முந்தின குற்றம்னா தடயம் எதுவும் மிஞ்சாதே, வெறும் பேச்ச வச்சு எப்படி கண்டுபிடிக்க முடியும்?

பதில்: முடியும், அதுலதான் இந்த வகையோட ருசியே இருக்கு. அகதா கிறிஸ்டி 1942ல எழுதின ‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’ படிங்க. ஒரு ஓவியர் விஷத்துல செத்துடுறார், மனைவிதான் குற்றவாளின்னு தீர்ப்பாகி அவங்க ஜெயில்லயே இறந்துபோறாங்க, பதினாறு வருஷம் கழிச்சு மக வந்து துப்பறியிற போய்ரோகிட்ட உண்மை என்னன்னு கேக்குறா. அவர் அன்னிக்கு அங்க இருந்த அஞ்சு பேரையும் பாத்துப் பேசுறார் (அதுல ஒருத்தர் செத்தவரோட சின்ன வயசு சிநேகிதர்), அப்புறம் ஆளாளுக்கு நடந்தத எழுதிக் குடுக்கச் சொல்றார். அவ்ளோதான், அந்த அஞ்சு பேரு எழுதினது எங்க ஒத்துப்போகுது எங்க இடிக்குதுன்னு பாத்தே போய்ரோ முடிச்ச அவுக்குறார்.

ஆனா இடிக்கிற எல்லாமே பொய்னு நினைச்சுடக் கூடாது. 1974ல எலிசபெத் லாஃப்டஸ்னு ஒரு உளவியல் ஆய்வாளர் கார் விபத்து படம் ஒண்ண போட்டுக் காட்டி, அந்தக் கார் என்ன வேகத்துல வந்துச்சுன்னு கேட்டாங்க. சில பேர்கிட்ட மோதினப்போன்னு சாதாரணமா கேட்டாங்க, சில பேர்கிட்ட நொறுங்குற மாதிரி மோதினப்போன்னு கேட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு உடைஞ்ச கண்ணாடி பாத்தீங்களான்னு கேட்டா, ரெண்டாவது மாதிரி கேட்டவங்கள்ல நூத்துக்கு 32 பேரு பாத்தோம்னாங்க, மத்தவங்கள்ல 14 பேருதான். படத்துல கண்ணாடி உடையவே இல்ல! ஒரே வாரத்துக்கே இந்த கதின்னா இருபது வருஷமா தனக்குத்தானே சொல்லிச் சொல்லி தேச்ச கதை என்ன ஆகியிருக்கும். அதனால பொய் சொல்ற ஃப்ரெண்டையும், தப்பா ஞாபகம் வச்சிருக்கிற ஃப்ரெண்டையும் துப்பறியிறவர் பிரிச்சாகணும், எனக்கு அதுதான் நிஜமான சஸ்பென்ஸ்.

கேள்வி: கதைல ஒரு எலும்புக்கூடு கிடைக்குது. அது எந்த வயசு ஆளுன்னு நிஜமாவே சொல்ல முடியுமா?

பதில்: ஓரளவு சொல்லலாம். 1950கள்ல ஆரம்பிச்சு 1963 வரைக்கும் திறந்த வெளியில நடந்த அணுகுண்டு சோதனைகளால காத்துல கார்பன்-14ங்கற கதிரியக்க கார்பன் ஏகத்துக்கு ஏறி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு. பல் எனாமல் சின்ன வயசுல உருவானா அப்புறம் புதுசா மாறாது, அதனால அதுல இருக்கிற கார்பன்-14 அளவ எந்த வருஷத்து காத்தோட ஒத்துப்போகுதுன்னு பாத்து பிறந்த வருஷத்த ஓரிரு வருஷ வித்தியாசத்துல கணிக்கிறாங்க. செத்த வருஷம் சொல்றது இதவிட கஷ்டம்.

கேள்வி: கொலை வழக்குக்கு காலக்கெடு முடிஞ்சு தப்பிக்கிற மாதிரி கதை வைக்கலாமா?

பதில்: நாட்டப் பொறுத்தது. பல நாடுகள்ல கொலைக்கு கெடுவே கிடையாது. ஜப்பான்ல இருந்துச்சு, 2010ல எடுத்துட்டாங்க, அதனால வருஷத்த சரியா பாத்து எழுதுங்க.

கேள்வி: நானும் இப்படி ஒரு நாவல் எழுதிட்டிருக்கேன். கதை சொல்றவனே அந்த ஃப்ரெண்ட்ஸ்ல ஒருத்தன், அவனுக்கு எல்லாம் தெரியும். கடைசி வரைக்கும் வாசகர்கிட்ட மறைக்கலாமா?

பதில்: 1929ல ரொனால்ட் நாக்ஸ்னு ஒரு துப்பறியும் கதை எழுத்தாளர் துப்பறியும் கதைக்கு பத்து விதி எழுதினார். முதல் விதியே, குற்றவாளி கதையோட ஆரம்பத்துலயே வந்துடணும், ஆனா எவன் மனசுக்குள்ள வாசகர விடுறீங்களோ அவனா இருக்கக் கூடாதுங்கறதுதான். அத மீறி ஜெயிச்சவங்க இருக்காங்க, ஆனா உங்க ஆளு முன்னூறு பக்கம் நம்மகூட மனசு விட்டுப் பேசிட்டு, ஒரே ஒரு ராத்திரிய மட்டும் நினைக்காமலே இருந்தான்னா வாசகருக்கு கோவம் வரும், அது நியாயமான கோவம். ரெண்டு வழி இருக்கு. அவனுக்கு பாதிதான் தெரியும்னு வைங்க, தான் பாத்தது மட்டும்தான் நடந்ததுன்னு இத்தன வருஷமா நம்பிட்டிருக்கான். இல்லன்னா அவங்க மறைச்ச ரகசியத்த முதல் அத்தியாயத்துலயே சொல்லிடுங்க, இப்போ அத யாரு வெளிய சொல்லப் போறாங்கங்கறது கேள்வியாகட்டும். நான் ரெண்டாவதத்தான் எடுப்பேன், ஏன்னா அப்போ நாலு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்குற ஒவ்வொரு பார்வைக்கும் வாசகருக்கு அர்த்தம் புரியும். முதல் மூணு அத்தியாயம் முடிஞ்சதும் அனுப்புங்க, கண்டிப்பா படிக்கிறேன்.