காய்ச்சலையும் அழற்சியையும் உடல் தானே எப்படி அடக்குகிறது?

இதில் முக்கியமான ஹார்மோன் கார்டிசோல். சிறுநீரகங்களுக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பிகள் இதைச் சுரக்கின்றன.

கிருமி நுழைந்ததும் வெள்ளை அணுக்கள் இன்டர்லூக்கின் போன்ற வேதிப்பொருள்களை வெளிவிடும். அந்தச் செய்தி மூளையின் ஹைப்போதலாமஸை எட்டியதும் காய்ச்சல் ஏறுகிறது. அதே செய்திதான் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி வழியாகக் கார்டிசோலையும் கூட்டுகிறது. கார்டிசோல் இன்டர்லூக்கின் உற்பத்தியைக் குறைக்கிறது. குக்கரில் ஏறும் ஆவியே வெயிட்டைத் தூக்கி அழுத்தத்தை இறக்குவது மாதிரி. அழற்சி கைமீறிப் போனால் சொந்தத் திசுக்களே சேதமாகும் என்பதால்தான் இந்தக் கடிவாளம்.

கார்டிசோல் மாதிரியே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோனைப் பல வாரம் சாப்பிட்டவர்களுக்கு அட்ரினல் மந்தமாகிவிடும். திடீரென நிறுத்தினால், காய்ச்சல் நேரத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஸ்டீராய்டு போட்டுக் காய்ச்சல் விட்டதும் நோயே போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். கிருமி உள்ளே பெருகிக்கொண்டே இருக்கலாம்.