யுத்தம் வந்தாலே "வருகை சமீபம்"னு, அதாவது இயேசு திரும்ப வரப்போறார்னு, கிறிஸ்தவங்க சந்தோஷப்படுறாங்களே, அப்போ பைபிள் யுத்தத்தை ஆதரிக்குதா?

ஒரே வார்த்தையில பதில் வேணும்னா, இல்ல. ஆனா நீங்க கேட்டதுல நியாயம் இருக்கு, உக்ரைனோ காஸாவோ, எங்க குண்டு விழுந்தாலும் மறுநாளே யூடியூப்ல அர்மகெதோன் (கடைசி யுத்தம் நடக்கும்னு சொல்ற இடம்) மேப்பைக் காட்டி "வருகை மிக சமீபம்"னு தம்ப்நெயில் போடுற ஊழியக்காரங்க இருக்கத்தான் செய்றாங்க, செத்தவங்களுக்காக ஒரு ஜெபம் கூட பண்ணாம. அவங்க எடுத்துக் காட்டுற மத்தேயு 24லயே ஆறாம் வசனத்தைக் கடைசி வரைக்கும் படிங்க, யுத்தங்களையும் யுத்தங்களின் செய்திகளையும் கேள்விப்படுவீங்க, கலங்காதீங்கன்னு சொல்லிட்டு "ஆனாலும் முடிவு உடனே வராது"ன்னு முடியுது. அதை யாரும் தம்ப்நெயில்ல போடுறதில்ல.

நான் சிஎஸ்ஐ சபையில வளர்ந்தவன், கன்வென்ஷன் பந்தல்ல ஏழு தலை மிருகம், மகா உபத்திரவம், ஆயிர வருஷ அரசாட்சின்னு துணியில வரைஞ்ச பெரிய சார்ட்டெல்லாம் பாத்திருக்கேன். அதுல வர்ற இரகசிய வருகை, அதாவது உபத்திரவத்துக்கு முன்னாடியே இயேசு விசுவாசிகளை இரகசியமா எடுத்துக்குவார்ங்கிறது, இன்னைக்கு நாம கேக்குற வடிவத்துல, 1830கள்ல ஜான் நெல்சன் டார்பிங்கிற பிரசங்கியார் போதிக்க ஆரம்பிச்சது, அப்புறம் 1909ல வந்த ஸ்கோஃபீல்டு பைபிளோட அடிக்குறிப்புகள் வழியா அமெரிக்கா முழுக்கப் பரவுச்சு. ஆதி சபையில இருந்து இப்படியே வந்துச்சுன்னு நினைச்சுட்டிருக்கவங்க தான் நம்மள்ல அதிகம்.

யுத்தத்தைப் பத்தி ஆதி சபை வேற மாதிரி தான் இருந்துச்சு. 295ல வட ஆப்பிரிக்காவுல மாக்ஸிமிலியன்னு 21 வயசுப் பையன், நான் கிறிஸ்தவன், பட்டாளத்துல சேர முடியாதுன்னு சொன்னதுக்காகவே தலையை வெட்டினாங்க. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனுக்கு அப்புறம் ராஜ்யமே கிறிஸ்தவங்க கைக்கு வந்ததும் அகஸ்டின்ங்கிற பிஷப் "நியாயமான யுத்தம்"னு நிபந்தனைகளோட ஒரு வழி சொன்னார், ஹிட்லர் மாதிரி ஆளு வந்தா என்ன பண்றதுன்னு கேட்டா அந்த வாதத்தை என்னாலயும் சும்மா தள்ளிட முடியல. ஆனா அந்த நிபந்தனையைக் காட்டி தன் நாட்டு யுத்தத்தையே வேண்டாம்னு சொன்ன சபை ரொம்ப அபூர்வம், முதல் உலகப்போர்ல ஜெர்மன் சிப்பாய் பெல்ட் பக்கிள்லயே "தேவன் நம்மோட"ன்னு எழுதியிருந்துச்சு, எதிர்ப்பக்கத்துலயும் அதே இயேசு கிட்ட தான் ஜெபம் பண்ணாங்க.

கடைசி காலத்தை நம்புறவங்க எல்லாம் வன்முறைக்குப் போவாங்களான்னு கேட்டா நான் காட்டுறது முன்ஸ்டர் கதை தான். ஜெர்மனியில இருக்கிற ஊர், 1534ல அனபாப்டிஸ்டுகள் (குழந்தையில எடுத்த ஞானஸ்நானம் செல்லாது, பெரியவங்களானப்புறம் எடுக்கணும்னு சொன்னவங்க) அதைப் பிடிச்சு இது தான் புதிய எருசலேம்னு அறிவிச்சுட்டாங்க, மறுபடி ஞானஸ்நானம் எடுக்காதவங்களைத் துரத்திவிட்டாங்க. தலைவர் யான் மாதைஸ், ஹார்லெம்ல ரொட்டி சுட்டவர், அந்த ஊரை ஆண்ட கத்தோலிக்க பிஷப்போட படை ஊரை முற்றுகை போட்டிருக்கப்போ ஈஸ்டர் அன்னைக்கு, பைபிள்ல கொஞ்சம் பேரை வச்சே பெரிய படையை ஜெயிச்ச கிதியோன் மாதிரி ஜெயிச்சுடலாம்னு கொஞ்சம் பேரோட வெளிய போய் அங்கயே வெட்டுப்பட்டு செத்தார். அடுத்து வந்த லெய்டன் யான் ஒரு டெய்லர், தன்னை ராஜான்னு சொல்லிக்கிட்டு பல பெண்களைக் கட்டி, அதுல ஒருத்தியைச் சந்தையில வச்சு தலையை வெட்டினான், உள்ள ஜனங்க பட்டினியில சாகுறாங்க. அவங்க பிரசங்கியார் பெர்ன்ஹார்ட் ரோத்மான் அந்த வருஷக் கடைசியில ஒரு துண்டுப்பிரசுரமே போட்டார், பழிவாங்குற நேரம் வந்தாச்சு, அதை நாமளே செய்யணும்னு. 1535 ஜூன்ல ஊர் விழுந்துச்சு, ராஜாவையும் ரெண்டு பேரையும் சித்ரவதை பண்ணிக் கொன்னு உடம்பை இரும்புக் கூண்டுல போட்டு சர்ச் கோபுரத்துல தொங்கவிட்டாங்க, அந்த மூணு கூண்டும் இன்னைக்கும் அங்க தொங்குது (ஜெயிச்ச பிஷப் தரப்பும் கிறிஸ்தவங்க தான், மறந்துடாதீங்க).

அதே இயக்கம், அதே "வருகை பக்கத்துல"ங்கிற நம்பிக்கை. ஆனா 1536ல கத்தோலிக்கப் பாதிரியார் வேலையை விட்டுட்டு வந்த மென்னோ சைமன்ஸ், சிதறிப்போன ஜனங்களைக் கூட்டி, பட்டயத்தை, அதாவது வாளை, தொடவே கூடாதுன்னு போதிச்சார், மென்னோனைட் சபை இவர் பேர்ல தான் வந்துச்சு. 1569ல நெதர்லாந்துல அந்த வழியில வந்த டிர்க் வில்லெம்ஸ் ஜெயில்ல இருந்து தப்பி உறைஞ்ச தண்ணி மேல ஓடுறார், துரத்தி வந்தவன் ஐஸ் உடைஞ்சு உள்ள விழுந்துட்டான், இவர் திரும்பிப் போய் அவனைத் தூக்கிவிட்டார். அதனாலயே மாட்டிக்கிட்டார், உயிரோட எரிச்சுட்டாங்க.

ரெண்டு கூட்டமும் நியாயத்தீர்ப்பு வரும்னு நம்புனவங்க தான். ரோத்மான் அதைத் தன் கையில எடுத்துக்கிட்டார், டிர்க் எடுத்துக்கல, "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதில்செய்வேன்"னு ரோமர் 12ல கர்த்தர் சொல்றதை அவர் அப்படியே எடுத்துக்கிட்டார்னு தான் எனக்குத் தோணுது. ஒருத்தர் கடைசி காலம்னு பேச ஆரம்பிச்சா நான் கவனிக்கிறதும் இது தான், யார் யாரைத் தண்டிக்கப் போறதா சொல்றார், அதுல நமக்கு என்ன வேலை கொடுக்கிறார்.

"வெளிப்படுத்தல் 19ல இயேசுவே யுத்தம் பண்ண வர்றாரே"ன்னு கேப்பீங்க. வர்றார், ஆனா பட்டயம் அவர் வாயில இருந்து புறப்படுது, கையில இல்ல. பின்னால வெள்ளைக் குதிரையில வர்ற சேனைக்கு வெண்மையான மெல்லிய வஸ்திரம் இருக்கு, அவங்க கையில ஆயுதம் இருக்கிறதா ஒரு வரி கூட கிடையாது.